வாடைக்கு நாலு பாகம்

ராமநாதபுரத்தில் பஸ் ஏறும்போதே வம்பு. பிரிட்டோவின் தோளில் தொங்கிய நீளக் குழாயைப் பார்த்த கண்டக்டர், "இதுக்கு லக்கேஜ் போடணும்ணே, உள்ள என்ன?" என்றார். தூண்டில் என்றான் பிரிட்டோ. தங்கச்சிமடம் போகிற பஸ்ஸில் வெளியே இருந்து தூண்டில் கொண்டுபோகிற ஆளை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். "அங்கன இல்லாத தூண்டிலா?" என்று சிரித்த சிரிப்பில் லக்கேஜை மறந்துவிட்டார். மண்டபத்தில் சோதனைக்கு ஏறிய போலீஸ்காரர் அப்படி விடவில்லை. குழாயைத் திறந்து, நான்கு துண்டாக இருந்த மெல்லிய கம்பை எடுத்து வளைத்துப் பார்த்து, கடைசியில் கூட இருந்த சின்ன டப்பாவையும் திறந்தார். டப்பா நிறைய, இறகும் நூலும் வைத்துக் கட்டிய முட்கள். "என்ன இது, பொம்மையா?" என்றார். "மீனுக்குப் பொம்மைதான் சார்" என்றேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

பிரிட்டோவும் நானும் பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறை. அவன் தங்கச்சிமடத்துக் கடற்கரைக்காரன். நான் சாயல்குடிக்கு வடக்கே மிளகாய் போடுகிற குடும்பம். படித்து முடித்து அவன் நியூசிலாந்துக்குப் போய், ஏரிக்கரை விடுதி ஒன்றில் படகு எஞ்சின் பார்த்தான். அங்கே கற்றுக்கொண்டதுதான் இந்தப் பூச்சித் தூண்டில். பெயர் நான் வைத்தது. முள்ளில் புழுவும் கிடையாது, இறாலும் கிடையாது. இறகுப் பூச்சிக்கு எடையே இல்லை. கனமான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் சுழற்றி வீசினால், அந்த நூல் பூச்சியைக் கொண்டுபோய் மீனின் மூக்குக்கு முன்னால் இறக்கும். முதலில் மீனைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வீச்சு.

பார்ப்பதில்தான் கேடு வந்தது. போன மாதம் மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கு அவனோடு போனவன் நான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதை மருந்து ஊற்றிக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்றார் டாக்டர். இப்போது அவனுக்கு நேர் எதிரே ஒரு தட்டு அகலம் தெரிகிறது. பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தது அதனால்தான். அது அவன் அண்ணன் சந்தியாகுவுக்குத் தெரியாது. தம்பி ஒருவழியாக வந்துவிட்டான், அடுத்த வாரம் முதல் வள்ளத்தில் கூட வரப்போகிற ஆள் அவன்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சின்னப் படகில் காலடியில் வலை கிடக்கும், கயிறு கிடக்கும், நங்கூரம் கிடக்கும். பக்கம் தெரியாதவன் அதில் ஏறுவது அவன் உயிருக்கும் ஆபத்து, கூட வருகிறவர் உயிருக்கும் ஆபத்து. "நாலு நாள் மீன் பிடிச்சு மனச ஆத்திக்கிருவோம். அதுக்குள்ள அண்ணன்ட்ட சொல்லிருறேன். நீயும் வாலே" என்று என்னைக் கூப்பிட்டான்.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரிட்டோ மட்டும் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி இருந்தான். "தண்ணி என்ன கலர்ல கெடக்கு?" என்று கேட்டான். பச்சை என்றேன். என்ன பச்சை என்றான். மிளகாய்ப் பச்சை என்றேன். "உனக்கு மிளகாய விட்டா உலகத்துல வேற பச்சையே இல்லையாலே" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் பிறந்த கடலின் நிறத்தை என்னிடம் கேட்கிறானே.

அன்று அவர்களுக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். வாசலில் வந்து நின்ற சந்தியாகு அண்ணனின் நெற்றியில் கோவிலில் பூசிய சாம்பல் இருந்தது. என் நெற்றியில் வீட்டிலிருந்து பூசிக்கொண்டு வந்த திருநீறு. "ரெண்டு பேரும் ஒரே கோயில்ல இருந்து வாறாப்புல இருக்கு" என்றபடி மதினி பிரிட்டோவிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினார். பக்கத்திலிருந்து நீட்டினார். டம்ளர் காற்றில் நின்றது. பிரிட்டோ நேரே பார்த்துக் கொழுந்தனுக்கு உரிய சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் வாங்கி அவன் கையில் திணித்தேன். மதினியின் முகம் லேசாக மாறியது.

விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளில் வள்ளங்கள் கரையில் கிடக்கும். அது அந்தப் பக்கத்து ஏற்பாடு. அன்று விசைப்படகின் முறை. அதனால் அண்ணன் எங்களை வள்ளத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார். புதுப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. முன்பக்கத்தை, அணியம் என்பார்கள், புதுப்பலகை வைத்து அகலப்படுத்தியிருந்தார். "இவன் நிக்கதுக்குத்தான் தம்பி. ஆளு வளந்துட்டான்ல, பழைய எடம் பத்தாது" என்றார் என்னிடம். பிரிட்டோ பலகையைத் தடவிப் பார்த்தான். இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். "நல்லா இழைச்சிருக்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

அன்று அவர்களுக்கு ஒருசந்தி. ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம். எனக்குத் தனியாக மத்தியானமே போடுகிறேன் என்றார் மதினி. நானும் இருக்கிறேன் என்று வீரம் பேசிவிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் சாயங்காலம் வந்த கிழங்கான் மீன் குழம்புக்கு அந்தப் பட்டினி தகும். எங்கள் ஊருக்கு மீன் ஐஸ் பெட்டியில் மொபெட்டில் வரும். அது ஊர் வந்து சேருவதற்குள் தான் மீன் என்பதையே மறந்திருக்கும். இது காலையில் நீந்திய மீன்.

வியாழக்கிழமை அண்ணன் கடலுக்குப் போனார். நாங்கள் ஊருக்கு வடக்கே, கும்பல் இல்லாத கரையில் இறங்கினோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை, அடியில் பாசியும் மணலும் திட்டுத் திட்டாக. எனக்குக் கடல் பயம். முழங்கால் அளவுக் கடலும் கடல்தான். பிரிட்டோ தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான். போட்டதும் தண்ணீரின் பளபளப்பு போய்த் தரை துலங்கியது. "நீ பாரு, சொல்லு. நான் வீசுறேன்" என்றான். எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

முதல் மணி நேரம் இருவருக்கும் ரத்தக் கொதிப்பு ஏறியது.

"இந்தா, இந்தா, வலது பக்கம்!"

"ஏலே, உன் வலதா என் வலதா?"

"ரெண்டு பாத்தி தூரத்துல!"

"இது என்ன உங்க மிளகாக் கொல்லையா? எத்தன பாத்தின்னு எனக்கு எப்படிலே தெரியும்?"

அவன் கோபமாகச் சுழற்றிய நூலில் பூச்சி திரும்பி வந்து என் சட்டைக் காலரில் தைத்தது. கொஞ்சம் தள்ளியிருந்தால் காது. முள்ளைப் பிடுங்கி எடுக்கும்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. "காத்த வச்சுச் சொல்லுலே. காத்து எங்கிட்டு இருந்து அடிக்குதுன்னு என் கன்னத்துக்குத் தெரியும். அதுக்குக் கண்ணு வேண்டாம்."

கடற்கரையில் திசைக்குப் பெயரே காற்றின் பெயர்தான். வாடை என்றால் வடக்கு. சோழகம் தெற்கு. கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு. தூரத்துக்குப் பாகம், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எங்கள் ஊரிலும் பந்தியில் கூட, "ரெண்டு இலை மேக்கால தள்ளிப் போடு" என்போம். வலம் இடம் என்று பேசிப் பழக்கமில்லை. அதனால் எனக்கு உடனே பிடிபட்டது. ஆள் எப்படித் திரும்பி நின்றாலும் வாடை இருக்கிற இடத்தில்தான் இருக்கும். "கச்சானுக்கு மூணு பாகம்" என்றேன். அவன் இரண்டு சுழற்று சுழற்றி வீசினான். பூச்சி நான் சொன்ன இடத்தில் இறங்கியது. மீன் பயந்து ஓடிவிட்டது, அது வேறு விஷயம். எனக்கு ஒரே சந்தோஷம்.

வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பாறை மீன் குட்டி பூச்சியைக் கவ்விவிட்டது. கம்பு வில்லாக வளைந்தது. பிரிட்டோவின் முகத்தில் விடுதிக் காலத்துப் பையன் வந்து நின்றான். மீனை இழுத்து, கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, இரண்டு கையாலும் தண்ணீரில் தாங்கிப் பிடித்து விட்டுவிட்டான். வெளிநாட்டில் அதுதான் வழக்கமாம்: பிடி, பார், விடு. நான் மீன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், அவனுக்குக் கொண்டல் பக்கம் ஓர் எட்டுத் தூரத்தில் ஒரு பெண் ஏனத்தை, அலுமினியச் சட்டியை, நீட்டியபடி நின்றிருந்தார்.

ஜெபமாலை அக்கா. புருஷன் இல்லாமல் கருவாடு போட்டுப் பிழைக்கிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு மீன் ஏறினாலும், முதல் மீனை அந்நேரம் பக்கத்தில் ஏனத்தோடு நிற்கிறவருக்குக் கறிக்குக் கொடுத்துவிட வேண்டும். நிற்கிறவர் கேட்கமாட்டார், கொடுக்கிறவர் பேசமாட்டார். கொடுக்காமல் போனால் வசவைவிடக் கேவலம். பிரிட்டோ அவர் பக்கம் திரும்பக்கூட இல்லாமல் மீனைக் கடலில் விட்டிருக்கிறான். அக்கா ஏனத்தை இடுப்புக்குக் கொண்டுபோய் நடந்துவிட்டார். நான் சொன்னதும் பிரிட்டோ, "எங்கன? எங்கன?" என்று நாலு பக்கமும் திரும்பினான். பார்க்கச் சகிக்கவில்லை.

ஊருக்குள் நாங்கள் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "நேத்துப் பக்கத்துல நின்னு சிரிக்கேன், திரும்பிப் பாக்காமப் போறாரு. வெளிநாட்டுத் துரை ஆயிட்டாரு." பிரிட்டோவின் காதிலும் விழுந்திருக்கும். காது நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் அண்ணன் சோற்றில் கை வைக்கவில்லை. "ஜெபமாலை ஏனத்த நீட்டிக்கிட்டு நிக்கா, நீ மீனத் தண்ணில விட்டியாமே? அவ புருசன் எத்தன நாளு நம்ம வலையத் தூக்கிருப்பான்?" என்று கேட்டார். பிரிட்டோ தலையைக் குனிந்திருந்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, சின்ன மீனு, விட்டுருன்னு நான்தான் சொன்னேன்" என்று ஒரு பொய்யைப் போட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார். "நீங்க காட்டுப் பக்கத்து ஆளு தம்பி, உங்களுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியாதா?" என்றார். கணவாய்ப் பிரட்டல் அன்று பிரமாதம் என்று மதினிக்காகச் சொன்னேன். எனக்கு அதில் உப்புகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கரைப்பக்கம் போக மனசில்லை. தனுஷ்கோடிக்கு ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில், கடலைப் படம் எடுக்க ஓரம் கட்டுகிறேன் என்று ஆட்டோக்காரர் வண்டியை மணலில் இறக்கிவிட்டார். சக்கரம் புதைந்து, சுற்றுலா வந்த ஒரு குடும்பமே இறங்கித் தள்ளியது. முனையில் ஒரே கூட்டம். கடைக்காரர் மசாலா தடவிப் பொரித்த மீனுக்கு ஊரைவிட இருமடங்கு காரம். எங்கள் மிளகாய்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கரையோரம் கல்லில் உட்கார்ந்ததும் நேரடியாகவே கேட்டுவிட்டேன்: "ஏன்டா சொல்ல மாட்டேங்குற?"

"சொன்னா அண்ணன் ஒண்ணும் சொல்லாது. என்னைய வீட்டுல உக்கார வச்சு, சோறு போட்டு, சாகுற வரைக்கும் பாத்துக்கும். அதுதான்லே எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்த வழியைச் சுவரில் இருக்கிற படங்களின் முன்னால் நின்று ஜெபிப்பது. நானும் போனேன். கூட்டம் ஒவ்வொரு படமாக நின்று நின்று நகர்ந்தது. பிரிட்டோ என் முழங்கையைப் பிடித்திருந்தான். பிறத்தியாருக்கு அது சிநேகம் போலத் தெரியும். ஓர் இடத்தில் கூட்டம் நெருக்கி என் கை விலகிவிட்டது. பக்கத்துப் பெஞ்சில் அவன் மோதி விழப்போனான். சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். எதிர் வரிசையில் நின்ற அண்ணனும் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் அவர் எங்களுக்குப் பின்னால்தான் நடந்து வந்தார். தம்பி எட்டு வைப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பிரிட்டோவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை கடைசி நாள். மறுபடி விசைப்படகின் முறை, அண்ணனின் வள்ளம் கரையில். நாங்கள் பழைய இடத்துக்கே போனோம். வாடைக்காற்று லேசாக இருந்தது, தண்ணீர் தெளிந்து கிடந்தது. பாசித் திட்டுக்கு அப்பால் பாறை மீன்கள் கூட்டமாக மேய்வதைப் பார்த்துவிட்டேன். முந்திய குட்டி போல இல்லை, முழங்கை நீளம் இருக்கும்.

"வாடைக்கு அஞ்சு பாகம். கொஞ்சம் பொறு. கச்சானுக்குத் திரும்புது. இப்ப!"

வீசினான். தவறிவிட்டது. மறுபடி சொன்னேன், மறுபடி தவறியது. மூன்றாம் தடவை கம்பை இறக்கிவிட்டான். "நேத்தைக்கு இன்னைக்கு இருட்டு கூடுனாப்புல இருக்கு முருகேசா. தண்ணியும் வானமும் ஒண்ணாத் தெரியுது. இனி எனக்கு இது வராது" என்றான். அவன் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எம்புட்டு நாளா?" என்றது பின்னால் ஒரு குரல்.

சந்தியாகு அண்ணன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. நான் திசை சொன்னதையும் அவன் வீசியதையும் அவன் சொன்னதையும் கேட்டிருக்கிறார். பிரிட்டோ திரும்பவில்லை.

"அண்ணே..."

"எம்புட்டு நாளான்னு கேட்டேன்."

"ஒரு வருசமாண்ணே. பக்கம் ஒண்ணும் தெரியல. நேராத் தெரியுறதும் போயிருமாம்."

அண்ணன் குனிந்து இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மறுபடி அள்ளி அடித்துக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தண்ணீரில் கூட்டம் மறுபடி வருவது கண்ணில் பட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணனின் குரல் வந்துவிட்டது.

"வாடைக்கு நாலு பாகம். கம்ப எடுலே."

பிரிட்டோ அசையவில்லை.

"எடுங்கேன்ல? கொண்டலப் பாத்து வருது. இந்தா, இன்னும் கொஞ்சம். போடு!"

நூல் தலைக்கு மேல் ஒரு தடவை போய் வந்து நீண்டது. பூச்சி இறங்கியதுதான் தெரியும், தண்ணீர் கொதித்தது. கம்பு வளைந்து நடுங்கியது. "விடு, ஓடட்டும். கச்சானுக்கு ஓடுது, கூடவே திரும்பு" என்று அண்ணன் அவன் பக்கத்தில் வந்து நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பியைத் தொடவில்லை. கம்பைத் தொடவில்லை. சொல்ல மட்டும் செய்தார். கடைசியில் மீன் பக்கவாட்டில் படுத்து வந்தது. பிரிட்டோ அதை இரண்டு கையாலும் தூக்கினான்.

"உனக்குக் கொண்டல்ல அரைப் பாகம்" என்றார் அண்ணன். "ஜெபமாலை நிக்கா."

ஆமாம், நின்றிருந்தார். அண்ணன்தான் கையோடு கூட்டி வந்திருக்க வேண்டும். பிரிட்டோ காற்றைக் கன்னத்தில் வாங்கித் திரும்பி, மீனை நீட்டினான். கொஞ்சம் தள்ளித்தான் நீட்டினான். அக்கா ஓர் எட்டு முன்னால் வந்து, நீட்டிய கைக்கு அடியில் ஏனத்தைக் கொண்டுபோய் வைத்தார். மீன் விழுந்து துடித்தது. வழக்கப்படி பேசக்கூடாது. அக்கா பேசிவிட்டார். "அன்னைக்கு எனக்குத் தெரியாது தம்பி" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் முன்னால் போய்க்கொண்டே சொன்னார்: "செவ்வாக்கெழம வள்ளத்துக்கு வா. வலையத் தொடாத, கயித்தத் தொடாத, அதுக்கு ஆளு பாத்துக்கிறேன். அணியத்துல உக்காந்து தூண்டில் போடு. எங்கன போடணும்னு நான் சொல்றேன்." பிரிட்டோ சரி என்றானா என்று எனக்குக் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதற்கு அப்புறம் அவன் என் முழங்கையை விட்டுவிட்டு அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்கு லேசாகப் பொறாமையாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் என்னை பஸ் ஏற்ற வந்தார்கள். கறுப்புக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். நீயே வச்சுக்கலே, மிளகாய்க் கொல்லையில் மீன் வந்தா பாக்கலாம் என்றான். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், அவன் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் அவன் காதருகே குனிந்தார். எஞ்சின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

"கச்சானுக்கு ரெண்டு பாகம்."

பிரிட்டோ திரும்பி, என் முகத்துக்கு நேராகக் கையைக் காட்டினான். பஸ் நகர்ந்துவிட்டது. நானும் கையைக் காட்டினேன். அதை அண்ணன் அவனுக்குச் சொல்லியிருப்பார்.